சம்மதம் சொன்னவள்

1986 கோடையில் கடத்தூரில் ஒரு தொண்டு நிறுவனம் தெருநாடகக் குழு தொடங்கியது. பெண்களுக்கு நடக்கும் கொடுமைகளை ஊர் ஊராக நடித்துக் காட்டத்தான் அந்தக் குழு. கூலி வேலை செய்துவந்த மாதுவும் அவன் மனைவி கோவிந்தம்மாளும் அதில் சேர்ந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை.

பயிற்சி கொடுக்க வந்த அல்போன்ஸ் வசனம் எழுதித் தரவில்லை. இரண்டு பேரை எதிரெதிரே நிற்கவைத்தார்.

"எதிர்ல நிக்கிறவர் சொல்றத முழுசாக் கேளுங்க. என்ன சொன்னாலும் இல்லைன்னு சொல்லக் கூடாது. நடந்ததுன்னே எடுத்துக்கிட்டு, மேல ஒண்ணு சேத்துப் பேசணும்."

மூன்று நாள் சிரிப்பாகவே போனது. கோவிந்தம்மாள் எருமை விற்க வந்தவளாகப் பேசியதில் குழுவிலிருந்த மற்ற பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நாலாம் நாள் அல்போன்ஸ் அவளையும் மாதுவையும் எதிரெதிரே நிறுத்தினார்.

"காரிமங்கலத்துல ஒரு பொண்ண வெச்சிருக்கேன்" என்றான் மாது.

கோவிந்தம்மாள் சிரித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள். "தெரியுங்க. சந்தைக்குன்னு வாராவாரம் அங்கதான போறீங்க."

"அவ இப்ப மூணு மாசம்."

அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. திரும்பி அல்போன்ஸைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காதீங்கம்மா. அவரப் பாருங்க, நிறுத்தாதீங்க."

"ஆமா, மூணு மாசம்" என்றாள். "பொறந்தா நான்தான் தூளி கட்டணும்."

"வெள்ளிக்கெழம வூட்டுக்குக் கூட்டியாறேன். உனக்குச் சம்மதந்தான?"

"சம்மதந்தாங்க." சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது.

அல்போன்ஸ் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மாது அந்தப் பெண்ணோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். கோவிந்தம்மாள் பஞ்சாயத்து பேசும் ஊர்க்கவுண்டரிடம் ஓடினாள். மாது பதறவே இல்லை.

"பன்னெண்டு பேரு முன்னால சம்மதம் சொன்னாளுங்க. கூப்பிட்டுக் கேளுங்க."

கேட்டார்கள். குழுவிலிருந்து வந்தவர்கள், சொன்னாள் என்றார்கள்; அது பொய்யில்லையே. அல்போன்ஸ் மட்டும், "அது நடிப்புங்க" என்றார்.

"அழுதாளாமே, அதும் நடிப்பா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

அல்போன்ஸ் யோசித்தார். "இல்லிங்க. நெசமாத்தான் அழுதாங்க."

"அப்ப சம்மதமும் நெசந்தான்" என்று ஊர்க்கவுண்டர் துண்டை உதறி எழுந்தார்.

கோவிந்தம்மாள் பாலக்கோட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய், தக்காளி மார்க்கெட்டில் கூடை சுமந்தாள். இரண்டு மாதம் கழித்து அல்போன்ஸ் தேடி வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"அந்தக் காட்சிய நாடகத்துல வெச்சிருக்கோம்மா. மாது நல்லாப் பண்றாரு. எதிர்ல நிக்கிற பொண்ணுக்குத்தான் உங்கள மாதிரி அழுக வரல. ஒருநாள் வந்து சொல்லிக் குடுத்தீங்கன்னா..."

அவள் சும்மாடைச் சரிசெய்து குனிந்தாள். "ஒரு கை புடிங்க சார்."

கூடையைத் தலையில் ஏற்றிவிட்டார். அவள் லாரியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். பதிலுக்காக அவர் அங்கேயே நின்றிருந்தார். இன்னும் நாற்பது கூடை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவரையே கை கொடுக்கச் சொன்னாள்.