உடம்புச் சூடு

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியில் பட்டாள முகாம் வந்ததும் வெள்ளானூர் கங்காதரன் அங்கே காய்கறி போடும் காண்ட்ராக்ட் எடுத்தான். சட்டைப்பை கனத்தது, நடையும் மாறியது. வாரத்தில் பாதி நாள் பட்டணத்திலேயே தங்கினான். அப்படித் தங்கியபோது விலைமாதரிடம் போய் வெட்டை நோயை வாங்கிக்கொண்டு வந்தான்.

வேட்டியில் படிந்த சீழைத் துவைத்தவள் அவன் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி. கேட்டதற்கு, வெயிலில் அலைகிறவனுக்கு உடம்புச் சூடு வராதா என்று எரிந்து விழுந்தான். இளநீரும் வெந்தயமுமாக விழுங்கினான். எரிச்சல் சற்றுத் தணிந்ததும் மீசையை நீவிக்கொண்டு அவளிடம் வந்தான்.

கொஞ்ச நாளில் அவள் அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாகப் படுத்தாள். பூந்தமல்லியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, இது புருஷனிடமிருந்து ஒட்டிய வெட்டை, இருவரும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். கருப்பையைத் தொட்டுவிட்டதால் இனிப் பிள்ளை தங்குவது சந்தேகம் என்பதையும் மறைக்கவில்லை.

கங்காதரன் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தான். "ஆம்பளைக்கு இன்னா நோவு? உன் ஒடம்புதான் கெட்டுக் கீது" என்றான். அதோடு விடவில்லை. பெண்டாட்டி மலடி என்று உறவுக்காரர்களிடம் சொல்லி, நெமிலிச்சேரியில் வடிவு என்ற பெண்ணைப் பேசி முடித்தான்.

சாமுண்டீஸ்வரி அதுவரை அழுதுகொண்டுதான் இருந்தாள். ஒருநாள் கண்ணாடி முன் உட்கார்ந்து நரைத்த மீசைக்கு அவன் மை தடவுவதைப் பார்த்தாள். இந்த ஆளுக்காகவா கண்ணீர் விட்டோம் என்று அவளுக்கே கூசியது. முகத்தைக் கழுவிக்கொண்டு நெமிலிச்சேரிக்குக் கிளம்பினாள்.

வடிவின் தாய் பூங்காவனம், மூத்த தாரம் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்து முகம் கொடுக்கவில்லை.

"அந்தாள எனக்கு உட்டுக்குடுன்னு கேக்க வரல," என்றாள் சாமுண்டீஸ்வரி. "அவனுக்கு வெட்டை கீது. மருந்து துன்ன மாட்டேன்றான். எனக்குக் குடுத்தத உன் பொண்ணுக்கும் குடுப்பான். அப்பால உன் இஷ்டம்."

பூங்காவனம் அன்றைக்கே கங்காதரனுக்குச் சொல்லி அனுப்பினாள்: டாக்டரிடம் காட்டிவிட்டு வரட்டும், கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான்; ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போகவில்லை. அதிலேயே இரண்டு ஊருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது.

அன்று சாமுண்டீஸ்வரியை அடிக்கக் கை ஓங்கினான்.

"அடி. முகாம்லயும் போயி சொல்லிட்டு வரேன், காண்ட்ராக்ட் நிக்கிதான்னு பாக்கலாம்."

கை தானாக இறங்கியது.

கடைசியில் மூத்திரம் அடைத்துக்கொண்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. மாத்திரையில் நோய் அடங்கியது. குணமாகிவிட்டதே, இனி ஒன்றாக இருக்கக் கூடாதா என்று அவன் அக்காள் வந்து சமாதானம் பேசினாள்.

"அவனுக்கு நல்லாயிட்ச்சா? ஆவட்டும்," என்றாள் சாமுண்டீஸ்வரி. சோறு மட்டும் போட்டாள். தன் அறைக்குள் அவனை அதன்பின் ஒருநாளும் விடவில்லை.