சுவர்த் திரையில் ஒற்றைப் பெயர்

நாகல் நகரில் என் வீட்டு மாடியில் குடியிருப்பது ஒரு மென்பொருள் கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டு பேர், நான்கு கணினி, ஒரு டீ பிளாஸ்க். காய்கறி ஏற்றும் வண்டி எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று விவசாயிகளின் போனுக்குச் சொல்லும் செயலியைச் செய்கிறார்கள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தாறு வருடம் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு மாடிப்படி ஏறினால் சொர்க்கம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறுவேன். நாலு தடவைதான் என்பாள் என் மனைவி இஞ்ஞாசியம்மாள். அவளுக்கு எண்ண வராது.

அந்த இருவரில் பிரபு மூத்தவன். ரூபி சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். ஒரு வருடப் பயிற்சியில் இருந்தாள். அந்த வருடம் போன சனிக்கிழமையோடு முடிந்தது. அன்றைக்கு முதலாளி அப்துல் வாஹித் வந்து அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் சென்னையில் பெரியம்மா வீட்டில் தங்கி வேலை தேட வேண்டியதுதான். பெரியம்மா வீட்டுச் சாம்பாரைப் பற்றி ரூபி சொன்னதை இங்கே எழுதினால் குடும்பம் பிரிந்துவிடும்.

இனி என் லீலை.

சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் நாள் முழுக்க வரிவரியாக ஏதோ ஓடும். தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சண்டை போடப் போனவன், சண்டையை மறந்து, "என்னத்தா இது?" என்று ரூபியிடம் கேட்டேன்.

"கமிட் வரலாறு சார். புரோகிராம்ல யாரு, எப்ப, என்னத்த மாத்துனாங்கன்னு ஒவ்வொண்ணும் பதிவாகும்."

"இது எங்க புகார்ப் பதிவேடேதான! ஆனா இம்புட்டு அசிங்கமாவா வைப்பீங்க?"

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாற்பது எழுத்தில் ஓர் அடையாள எண்; பத்து ரயில் டிக்கெட்டை உரலில் போட்டு இடித்தது போல. "வேணும்கிறத மட்டும் காட்டச் சொல்லலாம் சார். எண்ணைச் சுருக்கலாம், கலர் கூடக் குடுக்கலாம்" என்று ரூபி வாயை விட்டாள். விடுவேனா? மூன்று வாரம் அந்த டிவிக்கு எதிரே இருந்த கணினி நாற்காலியை விட்டு நான் இறங்கவில்லை. இறங்கியதாக இஞ்ஞாசியம்மாள் சாட்சி சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணை ஏழு எழுத்தாக வெட்டினேன். தேதிக்கு மஞ்சள், மாற்றத்தின் விவரத்துக்குப் பச்சை, பெயருக்குச் சிவப்பு. என் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தாலும் படிக்கலாம்.

எழுத்து பெருத்ததால் இடம் சிறுத்தது. ஒரு வரிக்கு ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். ஆனால் இந்த யந்திரம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பெயரை வைத்திருக்கிறது: எழுதியவர் ஒருவர், அதைச் சரிபார்த்துப் பொதுவில் சேர்த்தவர் ஒருவர். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் நிலையத்தில் மழையில் கம்பம் ஏறி ஒயரைச் சரிசெய்வது லைன்மேன் சின்னக்கண்ணு. பதிவேட்டில் 'சரியாயிற்று' என்று கையெழுத்துப் போடுவது நான். மாதக் கூட்டத்தில் மேலதிகாரி படிப்பது என் பெயரை. உலகம் அப்படித்தான் சுற்றுகிறது என்று நினைத்து, வெள்ளிக்கிழமை ராத்திரி ரூபி போன பிறகு சேர்த்தவர் பெயரை மட்டும் திரையில் போட்டேன். சின்னக்கண்ணு ஏன் என்னோடு டீ குடிக்க வந்ததே இல்லை என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை வாஹித் வந்தார். பிரபு, அக்கா மகளுக்குக் காது குத்து என்று ஊருக்குப் போயிருந்தான். வாஹித் டிவியைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்.

"அண்ணே, ஜோரா இருக்கே! யாரு பண்ணுனது?"

"வேற யாரு?" என்று மீசையைத் தடவினேன். மீசை எடுத்துப் பத்து வருடம் ஆகிறது, இருந்தாலும் தடவினேன்.

அவர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனார். முகம் மெல்ல மாறியது. "பிரபு, பிரபு, பிரபு... ஏம்மா ரூபி, ஒரு மாசமா ஒன் பேரே காணோமே?"

ரூபி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு குடம் தண்ணீரைக் காய்ச்சியிருக்கலாம்.

"நான் எழுதுனதுதான் சார் அம்புட்டும். பிரபு அண்ணே சரிபாத்துச் சேப்பாரு."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க" என்று வாஹித் பிரபுவுக்குப் போன் போட்டார். அங்கே நாதஸ்வரம் மட்டும் பேசியது. "சரி, அடுத்த மாசம் பாப்போம்மா. அதுவரைக்கும்..."

அடுத்த மாதம் என்றால் பெரியம்மா சாம்பார்.

"அப்பு, செத்த நேரம் உக்காருங்க" என்று வாஹித்தைப் பிடித்து அமுக்கினேன். "அவ பேர அமுக்குனது நான்தான். யந்திரத்துல இருக்கு, நான்தான் காட்டல."

"என்னண்ணே சொல்றீங்க?"

சொல்லவில்லை, தட்டினேன். அவசரத்தில் மூன்று தடவை தப்பாகப் போயிற்று. ரூபி உதவிக்கு வரவில்லை; கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் யானை எழுத்தைப் பூனை எழுத்தாக்கினேன். எழுதியவர், சேர்த்தவர் என்று இரண்டு பெயரையும் வரச் செய்தேன்.

திரை மினுங்கியது. எழுதியவர் ரூபி, சேர்த்தவர் பிரபு. எழுதியவர் ரூபி, சேர்த்தவர் பிரபு. இடையிடையே இரண்டு இடத்திலும் பிரபு. திரையில் தெரிந்த நாற்பது வரியில் முப்பத்தொன்று அவள் எழுதியது. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

வாஹித் எழுந்து சுவர் ஓரம் போய் ஒரு வரியைத் தொட்டார். "வண்டி பிந்துனா மொதல்லயே சேதி போவுதே, விவசாயிங்க எல்லாம் புகழ்றாங்களே... அதுவும் நீயா?"

"ஆமா சார். அதுக்கே ஒம்போது நாளாச்சு."

"திங்கக்கெழம வேல ஆர்டர் வாங்கிக்க. பிரபு வந்ததும் அவனையும் சேத்து ஒரு பிரியாணி."

அவர் படி இறங்கியதும், பிரபு இல்லாததால் என் திருத்தத்தை நிரந்தரமாகச் சேர்க்கும்படி ரூபியிடம் அனுப்பினேன். விவரம் என்ற இடத்தில் 'காட்சி மேம்பாடு' என்று கம்பீரமாக எழுதியிருந்தேன்.

"சேக்க முடியாது சார்."

"ஏத்தா?"

"மேம்பாடா இது? நடந்தத எழுதுங்க."

'சிறு பிழை திருத்தம்' என்று எழுதினேன். திருப்பி அனுப்பினாள். 'பிழை திருத்தம்' என்றேன். அதுவும் திரும்பி வந்தது. முப்பத்தாறு வருடத்தில் எந்த மேலதிகாரியும் என்னை இப்படி வாட்டியதில்லை. கடைசியில் எழுதினேன்: 'எழுதியவர் பெயரை மறைத்துவிட்டேன். இனி இருவர் பெயரும் தெரியும். தவறு என்னுடையது.'

அவள் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். டிவியின் உச்சியில் என் பெயரோடு புது வரி ஏறியது: எழுதியவர் ஸ்தனிஸ்லாஸ், சேர்த்தவர் ரூபி.

"இத அழிக்க முடியுமாத்தா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"முடியும் சார்" என்றாள் ரூபி, பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டே. "ஆனா அழிக்கிறதும் ஒரு மாத்தந்தான், அத நான் சேக்கணுமே."