பிடித்துத் தைத்த கவுன்

கவுனின் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அருங்காட்சியகத்தின் பின்பக்கம், பழைய துணிகளைச் செப்பனிடும் அறையில், வெள்ளைத் தாள் விரித்த நீள மேசைமேல் அது கிடந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. ஏழெட்டு வயதுப் பெண்ணுக்குத் தைத்த பட்டு. பூவேலைக்காகவே அதை வாங்கி வைத்திருந்தார்கள். கண்காட்சிக்கு எடுத்தபோது காப்பாட்சியர் அவளிடம் கொடுத்த வேலை இவ்வளவுதான்: இரண்டு பக்கமும் யாரோ பிற்பாடு பிடித்துத் தைத்ததில் பூக்கள் பாதி உள்ளே போய்விட்டன, அதைப் பிரித்து, முதலில் இருந்தபடி ஆக்க வேண்டும்.

கீழ் விளிம்பில் பழைய மடிப்பின் தடம் வெளிறிய கோடாக ஓடியது. பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து நீளம் விட்டிருக்கிறார்கள். எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பக்கவாட்டில் பிடித்த தையல் அந்தக் கோட்டையும் தாண்டி இறங்கியது. அப்படியென்றால் நீளம் விட்ட பிறகுதான் அகலத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரே தடவையில் அல்ல. ஒரு தையல், அதற்கு உள்ளே இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. எல்லாம் ஒரே கை. கடைசித் தையல் மட்டும் கோணல்மாணலாகப் போயிருந்தது.

அந்தத் தையல்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனாள். உயரத்தில் கூடிக்கொண்டும் உடம்பில் கரைந்துகொண்டும் போன ஒரு பிள்ளை. அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் தன் மகளின் பள்ளிச் சீருடையை இதே மாதிரி பிடித்துப் பிடித்துத் தைத்தவள் அவள்.

காப்பாட்சியர் வந்ததும், ஒரே பிள்ளைக்குத்தான் இப்படிப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று தையலைக் காட்டினாள். நல்ல மனிதர், அதட்டத் தெரியாதவர்.

"வேற ஒல்லியான பொண்ணு யாராச்சும் அப்புறம் போட்டிருக்கலாமேம்மா. தங்கச்சி, அந்த மாதிரி."

"ஆள் மாறியிருந்தா ஒரு தடவ பிடிச்சா போதாதா, சார்? திரும்பத் திரும்ப எதுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க உங்க வேதனைய இதுல வச்சுப் பாக்குறீங்களோன்னு பயமா இருக்கும்மா."

சுருக்கென்றது. ஆனாலும் கோபம் வரவில்லை. அவர் சொன்னதே நிஜமாக இருந்துவிடக்கூடாதா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. எங்கோ ஒரு தங்கச்சி, அக்காவின் கவுனுக்கு அடம்பிடித்து வாங்கிப் போட்டுக்கொண்டு, தெருவில் ஓடி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, பல் விழுந்து முளைத்து, கிழவியாகி... அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே. அவள் விரல்தான் ஒப்புக்கொள்ள மறுத்தது.

"பிரிக்கிறதா வேணாமான்னு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் வேற யாரையும் தொட விடமாட்டேன்" என்றுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவளை அழைத்துப்போகக் கணவன் வந்தான். மகள் போனதிலிருந்து அவளைத் தனியே வர விடுவதில்லை. ஆனால் மகளைப் பற்றி வாய் திறக்கமாட்டான். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவான். பிள்ளையின் துணிமணியெல்லாம் ஒருநாள் அவளைக் கேட்காமலே மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான். அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்டாள். தையலையும் கீழே ஓடிய கோட்டையும் காட்டினாள்.

வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

"பாப்பா வளந்துக்கிட்டேதானே இருந்தா" என்றான். "ஒசரமாயிட்டுதான் வர்றா டாக்டர், சரியாயிடும்லன்னு... போறப்பல்லாம் அதையேதான் கேட்டேன்."

அவன் குரலை அவள் முதல்முறை கேட்பதுபோல் இருந்தது.

"துணிய எல்லாம் ஏங்க குடுத்தீங்க?"

"எல்லாத்துலயும் நீ பிடிச்ச தையல் இருந்துச்சு. நீ உக்காந்து அதத் தடவித் தடவிப் பாக்குறத என்னால..."

காவல்காரர் நடைகூடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்து, கதவருகே தயங்கினார். அவள் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினாள். அவன் அது எதையும் கவனிக்கவில்லை. கவுனின் இடுப்புக்கு இரண்டு பக்கமும், துணியில் படாமல், குழந்தையைத் தூக்கப்போகிறவன்போல் கைகளை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.