வெளிப்பூட்டு

சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. மகள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். காலையில் தானே பூட்டிவிட்டுப் போன கம்பிக்கதவுதான். மறுபடியும் சாவியைத் துளையில் வைத்தாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் வாயாடி நின்றிருந்தாள்.

"மெதுவா திறங்கக்கா. இனிமே அவசரம் இல்ல."

வாயாடி என்பது அம்மா வைத்த பெயர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆறாவது ஆள் அவள். முதல் ஆள் தூங்குமூஞ்சி. இரண்டாவது ஆளுக்குப் போனே உலகம். மூன்றாவது ஆள் அம்மாவைக் குளியலறையில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அன்றைக்குத்தான் அம்மாவின் இடுப்பு எலும்பு உடைந்தது. சூடு கண்ட பூனையாகி மகள் வாங்கியதுதான் இந்தப் பூட்டு. அடுத்த இருவரும், "நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்?" என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டார்கள். வாயாடி மட்டும் சிரித்தாள். "நல்லதாப் போச்சு. எங்க வீட்டுக்காரர் வந்து தொல்லை பண்ண முடியாது."

மகள் திறந்து உள்ளே போனாள். வாயாடி அம்மாவுக்குத் தலை வாரி, புடவையைச் சரிசெய்து, கண்களை மூடிவிட்டிருந்தாள்.

"பத்தே முக்காலுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. உங்களுக்குப் போன் போட்டேன்."

ஒன்பது முறை. வேலையிடத்தில் போனை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் மகள் பார்த்தாள்.

"ஜன்னல்ல நின்னு கத்தி எதிர்வீட்டு டாக்டரக் கூப்பிட்டேன். ஓடி வந்தாரு. பூட்டப் பார்த்துட்டு, உடைக்க ஆள் கூட்டிட்டு வரச் சொன்னாரு. ஆள் வர்றதுக்குள்ள…" வாயாடி அம்மாவின் கால்மாட்டுப் போர்வையை இழுத்துவிட்டாள். "அப்புறம் நான்தான் உடைக்க வேணாம்னுட்டேன். நீங்க வந்து திறக்கட்டும்னு."

வாசலில் பைக் நின்றது. தம்பி.

தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று இந்தப் பூட்டுக்காகவே சண்டை போட்டவன். தூக்கி எறிந்துவிட்டேன் என்று இரண்டு மாதம் முன்னால் அவனிடம் மகள் சத்தியம் செய்திருந்தாள். பூட்டு இன்னும் கையில் இருந்தது. கைப்பைக்குள் போட்டாள். 'டக்'கென்று சத்தம் வந்தது. வாயாடி திரும்பிப் பார்த்தாள்.

தம்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு வாயாடியைப் பார்த்தான்.

"டாக்டர் வந்தாரா?"

"வந்தாருங்க."

"எப்ப?"

"கூப்பிட்ட உடனே."

"பாத்தாரா அம்மாவ?"

ஒரு வருடத்தில் முதல்முறையாக வாயாடிக்குப் பேச்சு வர நேரமெடுத்தது.

"பாத்தாருங்க. அதுக்குள்ள ஆயிடுச்சு."

தம்பி தலையாட்டினான். "சர்டிபிகேட் தரணுமே. போய்ப் பாத்துட்டு வரேன்."

"நீ இரு!" மகளின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "நான் போறேன்."

வாயாடியும் கிளம்பினாள். இருவரும் கம்பிக்கதவு வரை ஒன்றாக வந்தார்கள். கதவு அகலத் திறந்தே கிடந்தது. ஆனாலும் வாயாடி அங்கே நின்றாள். தினமும் சாயங்காலம் செய்வதுபோல் தன் துணிப்பையின் வாயை விரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு டப்பா, ஒரு துண்டு, அம்மாவின் தலைமுடி சிக்கிய ஒரு சீப்பு.

"இந்த சீப்பு என்னோடதுதான்க்கா" என்றாள்.

மகள் பார்த்தாள். தோளில் தொங்கிய தன் பையை, வாய் திறந்துவிடாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.