நூற்றுப் பதினேழாம் எண் வீடு

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் துட்ஸன் பாவா ஊரின் நூற்று நாற்பத்திரண்டு வீடுகளும் இருந்தன. பள்ளிவாசல் பச்சையில் இருந்தது, கிணறு நீலத்தில் இருந்தது, ஊர்த்தலைவர் வாசல் வேப்பமரம்கூட இலையோடு இருந்தது. கல்குவாரி மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வரைந்தவர் திசை காட்டும் அம்பைப் போட்டிருந்தார். வடக்கு எந்தப் பக்கம் என்று நன்றாகத் தெரிந்தது. பிள்ளைகள் எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

போலியோ சொட்டு மருந்துச் சுற்றுக்கு முந்தின வாரத் திட்டக் கூட்டம் அது. மேற்பார்வையாளர் சனூசி, ஊர் மரியாதைக்கு மாலம் சனூசி, புதுத் தொப்பி போட்டிருந்தார். அதில் ‘ஒரு வீடும் விடுபடக் கூடாது’ என்று அச்சடித்திருந்தது. தபாவா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்ற நாளெல்லாம் அவள் குவாரியில் சுத்தியல் பிடித்து ஜல்லி உடைக்கிறவள். சுற்று வந்தால் மட்டும் மஞ்சள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, மருந்து வருகிறது, பிள்ளைகளைக் காட்டுங்கள் என்று ஊருக்குச் சொல்லி வருவாள்.

அவள் எழுந்து சொன்னது புதுச் செய்தி ஒன்றுமில்லை. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பாதி ஊர்ப் பெண்கள் கதவைப் பூட்டிவிட்டு, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குவாரிக்குப் போய்விடுகிறார்கள். மருந்துக் குழு எட்டரைக்கு வருகிறது. பூட்டைத் தட்டுகிறது. கதவில் சாக்பீஸால் வீட்டு எண், தேதி, ‘ஆளில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பூட்டுக்குப் போகிறது.

போன மழைக்காலத்தில், தபாவாவோடு கல் உடைக்கும் ஹன்ஸாயின் இரண்டு வயதுப் பையன் சகீருக்கு இடது கால் துவண்டு போனது. மலத்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நோய்தான் என்று பதில் வந்தது. அவன் வீட்டுக் கதவில் நாலு சுற்றுக்கு நாலு தேதி இருந்தது, நாலிலும் ‘ஆளில்லை’. குழு ஒரு தடவைகூடத் தவறாமல் வந்துபோயிருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக அந்தக் கதவைப் படம் பிடித்துக் கோப்பில் வைத்தார்கள்.

“மருந்துப் பெட்டிய குவாரிக்குக் கொண்டு வாங்க மாலம். நாப்பது புள்ளைங்களுக்கு மேல அங்கதான் கெடக்கு” என்றாள் தபாவா.

சனூசி அவளைப் பரிவோடுதான் பார்த்தார். “இது வீடு வீடாப் போற திட்டம்மா. குவாரி வீடா? அதுக்கு நம்பர் இருக்கா?”

சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் மட்டும் குழு போகிறதே என்று அவள் கேட்டாள். அது சிறப்புக் குழு, அதற்குப் பட்டியல் இருக்கிறது, பட்டியலில் குவாரி கிடையாது, சேர்க்க வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னால் எழுதியிருக்க வேண்டும் என்றார். ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்தோமே என்றாள். ஆமாம், ஆனால் அது அப்போது முடிந்த சுற்றின் கணக்கில் போய்விட்டது என்றார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சுற்று நடக்கிற நாலு நாளும் தாய்மார்கள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும். அதை மக்கள் மனதில் படும்படி எடுத்துச் சொல்வது தபாவாவின் பொறுப்பு. கூட்டம் கைதட்டியது. எல்லாருக்கும் ஆளுக்கொரு தொப்பி கிடைத்தது.

எடுத்துச் சொல்வதில் குறை ஒன்றும் வைக்கவில்லை. வானொலியில் பாட்டு வந்தது. தண்டோராக்காரர் மெகாபோனோடு காலை ஒன்பது மணிக்குத் தெருத்தெருவாக நடந்தார். பூட்டிய வீடுகளும் ஆடுகளும் அமைதியாகக் கேட்டன. ஒரு கிடா மட்டும் கடைசிவரை அவர் பின்னாலேயே போனதாகப் பேச்சு.

தபாவா குவாரியில் போய்ச் சொன்னாள். சுத்தியல்கள் நின்றன. சாக்கு நிழலில் பிள்ளைகள் புழுதியும் மூக்குச்சளியுமாகக் கிடந்தன. சகீர் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரிடி, நாங்க வீட்லயே இருக்கோம்” என்றாள் ஹன்ஸாய். அவள் முதுகில் எட்டு மாதப் பெண் தூங்கியது. “மாலத்த வந்து எம் பங்குக் கல்ல ஒடைக்கச் சொல்லு. மத்தியானம் இதுகளுக்குக் கம்பங்கூழையும் அவரே ஊத்தட்டும்.”

லாரி வந்து நிற்கும்போது ஜல்லிக் குவியல் இல்லாவிட்டால் அடுத்த தடவை லாரி வராது. அது தபாவாவுக்கும் தெரியும். எட்டு மாதக் குழந்தை இன்னும் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை என்பதும் தெரியும்.

சுற்றின் முதல் நாள். குழுவில் பதிவு எழுதும் பெண் ஸுவைரா. நகரத்தில் படித்தவள், வெயிலில் கறுத்துச் சலித்துப் போயிருந்தாள். நாற்பதாவது பூட்டில் எழுதிக்கொண்டிருந்தவளிடம் தபாவா கேட்டாள், “ஏன் தங்கச்சி, உன் கணக்குல வீடுன்னா எது? சுவரா, கூரையா?”

“கதவுதான்க்கா. கதவுலதானே எழுதறோம். கதவு எங்கயோ வீடு அங்க.”

சொன்னவள் சும்மாதான் சொன்னாள். தபாவா அதைச் சும்மா விடவில்லை.

மறுநாள் பொழுது புலர்ந்தபோது ஹன்ஸாய் வீட்டுத் தகரக் கதவைக் கீலோடு கழற்றி, இரண்டு பேர் தலையில் சுமந்து குவாரிக்கு வந்துவிட்டார்கள். ஜல்லிக் குவியலுக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு பக்கமும் கல் அண்டை கொடுத்தார்கள். நூற்றுப் பதினேழு என்ற எண்ணும் நாலு ‘ஆளில்லை’யும் அதில் அப்படியே இருந்தன.

தபாவா மருந்துக் குழுவை அங்கே கூட்டி வந்தாள். ஸுவைரா கதவைப் பார்த்தாள். தபாவாவைப் பார்த்தாள். பிறகு செருப்பைச் சரிசெய்துகொண்டு போய்த் தகரத்தைத் தட்டி சலாம் சொன்னாள்.

“உள்ள வாம்மா, வீட்ல ஆளிருக்கு” என்றாள் ஹன்ஸாய், கல் மேல் உட்கார்ந்தபடி.

நாற்பத்து மூன்று வாய்களுக்கு இரண்டு இரண்டு சொட்டு. நாற்பத்து மூன்று இடது சுண்டு விரல்களைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, நகத்தில் மை வைத்தார்கள். எட்டு மாதக் குழந்தை முகத்தைச் சுளித்தது, பிறகு சப்புக்கொட்டியது.

சாயங்காலக் கணக்குக் கூட்டத்தில் சனூசிக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரே வீட்டில், ஐந்து வயதுக்குள், நாற்பத்து மூன்று பிள்ளைகள். எமீர் அரண்மனையில்கூட அவ்வளவு இருக்காது என்றார். பேசாமல் மூன்று பிள்ளைகள் என்று எழுதிவிடலாம் என்றார். அப்போது மூன்று மருந்துக் குப்பி காலியானதற்கு யார் பதில் சொல்வது என்று ஸுவைரா கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அபுஜாவிலிருந்து கண்காணிப்பாளரே வந்துவிட்டார். பொய்க் கணக்கு என்றால் தபாவாவும் ஸுவைராவும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், அவர்கள் எழுதிய பக்கமும் ரத்து என்று வண்டியிலிருந்து இறங்கும்போதே சொன்னார். நூற்றுப் பதினேழுக்குப் போனார். அங்கே வாசலில் பாய் தொங்கியது. உள்ளே ஆளில்லை. கதவும் இல்லை.

“கதவ யார் திருடினது?”

“யாரும் திருடலைங்க. வேலைக்குப் போயிருக்கு” என்றாள் தபாவா.

அவரைக் குவாரிக்குக் கூட்டிப்போனாள். நாலு பக்கமும் வெட்டவெளி. காற்றில் கல்தூள் பறந்தது. நடுவில் ஒற்றைத் தகரக் கதவு, அதற்குப் பின்னால் பெண்களும் பிள்ளைகளும். கண்காணிப்பாளர் விறுவிறுவென்று நடந்தவர் கதவுக்கு மூன்றடி முன்னால் நின்றுவிட்டார். பெண்கள் இருக்கிற இடம், ஆண்பிள்ளை இல்லாத நேரம், கேட்காமல் வாசல் தாண்டுவது வழக்கமில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு சலாம் சொன்னார். பதிலுக்குக் காத்து நின்றார். இரண்டடி தள்ளி நடந்தால் குறுக்கே புல்கூடக் கிடையாது.

சுத்தியல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. ஒரு நிமிஷம் வெயிலில் நின்றார்.

“என்ன, உள்ள வரலாமா கூடாதா?”

“தாராளமா வாங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டு வாங்க ஐயா” என்றாள் தபாவா. “இது வீடு இல்லைன்னா யார்கிட்ட அனுமதி கேட்டு நிக்கிறீங்க?”

அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றபடி பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார். பக்கத்தில் சனூசி வடக்குத் திசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு பிள்ளைகளைக் கதவருகே வரிசையாகக் கொண்டுவந்தார்கள். அவர் குனிந்து விரல் விரலாக எண்ணினார். நாற்பத்து ஒன்று. தூங்கிக்கொண்டிருந்த இரண்டைத் தூக்கி வந்ததும் நாற்பத்து மூன்று. சகீரின் விரலைப் பிடித்தவர் அவன் காலைப் பார்த்தார். விரலை விடக் கொஞ்சம் நேரமாயிற்று. பக்கம் ரத்தாகவில்லை.

இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் சொட்டு மருந்து ஒரு தடவையில் முடிகிற காரியமில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு இன்னும் மூன்று தடவையாவது போக வேண்டும். ஆறு வாரம் கழித்து அடுத்த சுற்றுக்கான கூட்டம் வந்தது. மேலிடத்துப் பாராட்டுக் கடிதத்தை சனூசி எழுந்து நின்று வாசித்தார். திட்டம் திருத்தப்பட்டுவிட்டது என்றார். வரைபடத்தில் நூற்றுப் பதினேழாம் எண் வீட்டைச் சிவப்பில் பெரிதாக வரைந்து, பிள்ளைகள் நாற்பத்து மூன்று, குப்பி மூன்று, கூடுதல் ஆள் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். வீடு பழைய இடத்திலேயே, ஹன்ஸாய் பூட்டிவிட்டுப் போகிற இடத்தில் இருந்தது. குவாரியின் மேல் அம்புக்குறி அசையாமல் நின்றது.

தபாவா அந்தச் சிவப்புக் கட்டத்தைக் காட்டி, இதைக் கொஞ்சம் கிழக்கே, குவாரி இருக்கிற இடத்துக்கு நகர்த்தச் சொன்னாள்.

“நம்பர நகர்த்த முடியாதும்மா” என்றார் சனூசி. “மேல ஒத்துக்கிட்ட நம்பர்.”

சுற்றின் முதல் நாள் விடிந்ததும் தபாவா ஹன்ஸாய் வீட்டுக்குப் போனாள். ஹன்ஸாய் ஏற்கெனவே கீலாணியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் குழந்தை, பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி சகீர்.

“கதவு போதுமாடி?” என்று திரும்பாமலே கேட்டாள். “இல்ல, இந்தத் தடவ கூரையும் வேணுமாமா?”

“கதவு போதும்” என்றாள் தபாவா. மஞ்சள் முக்காட்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு மறுமுனையைத் தூக்கினாள்.