அப்பா தூங்குகிறார்

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. வீட்டில் வைத்த செல்லப் பெயர், தலை நரைத்த பிறகும் விட்டுப் போகவில்லை. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவள் அம்மாவைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடும்போது, அம்மா திரும்பிப் பார்த்து, "பாப்பா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகல?" என்று கேட்பாள். என்னத்தைச் சொல்ல.

அம்மாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, பிறகு தெரு மறந்தது, பிறகு ஆட்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்துப்போனதும் அதோடு சேர்ந்து மறந்தது. தனியாக விட்டால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வேறெங்காவது போய் உட்கார்ந்துவிடுவாள். மிச்சமிருந்தது பேச்சு மட்டும்தான். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை ஓயாத பேச்சு. அதில் பாதிக்கு அர்த்தம் இருக்காது, ஆனால் பேசும்போது அம்மாவின் முகம் பழைய அம்மாவின் முகமாக இருக்கும். அதற்காகவே பாப்பா ம் கொட்டிக்கொண்டிருப்பாள்.

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விடுப்பெல்லாம் தீர்ந்து, அலுவலகத்தில் "வந்தா வாங்க, இல்லன்னா எழுதிக் கொடுத்துடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டாள். அண்ணன் வெளியூரிலிருந்து போன் செய்தான்.

"வீட்ல இருந்தே எதாவது வருமானம் வர்ற மாதிரி பாத்துக்கோ பாப்பா. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். இல்லன்னா அம்மாவ முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். நல்ல எடம்தான், நான் விசாரிச்சுட்டேன்."

அண்ணன் ஒன்றும் பொல்லாதவன் இல்லை. அவனுக்கும் குடும்பம், குட்டி, கழுத்து வரைக்கும் கடன். ஆனால் அந்த நல்ல இடத்தை பாப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. வரிசையாகக் கட்டில்கள், எல்லோரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தரும் ஒருத்தரோடு பேசவில்லை. படியிறங்கும்போதே, இங்கே மட்டும் விடவே கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

முடிவு செய்வதற்கு என்ன, காசா பணமா. பிழைக்க வழி வேண்டுமே.

வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் உட்கார்ந்தபடி சம்பாதிப்பதைப் பற்றி, வெளியே போய்ச் சம்பாதிக்கிற அத்தனை பேருக்கும் ஒரு யோசனை இருந்தது. சமைத்து விற்கலாமே என்றாள் எதிர்வீட்டுக்காரி. பாப்பாவின் சமையலைச் சாப்பிட்டிருந்தால் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டாள். சித்தி மகள், துணிமணிகளைப் படம்பிடித்து போனிலேயே விற்கச் சொன்னாள். அவள் அப்படி வாங்கிப்போட்ட துணி கட்டிலுக்கடியில் மூட்டையாகக் கிடப்பது ஊருக்கே தெரியும். தட்டச்சு வேலை தருவதாக ஒருத்தன் முன்பணம் கேட்டான், போனை வைத்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அம்மா நடுவில் போய் உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, வா வீட்டுக்குப் போலாம்" என்று விடவே இல்லை. பயந்துபோன அந்தக் குழந்தை அழ, மறுநாளிலிருந்து ஒருத்தரையும் காணோம்.

கீழ்த்தளத்தில் தையல் கூடம் இருந்தது. அங்கிருந்து பண்டல் பண்டலாகத் துணிகளை வீடுகளுக்கு எடுத்துப்போய், பிசிர் நூலை வெட்டவைத்து வாங்கிவருகிற பண்டல்காரர், படியில் பார்க்கும்போதெல்லாம் அந்த வேலையைச் செய்கிறாயா என்று கேட்பார். கூலியைக் கேட்டதும் பாப்பாவுக்குச் சிரிப்புதான் வந்தது. அதில் வாடகையைக் கொடுத்தால் வயிற்றைக் காயப்போட வேண்டும்.

கடைசியில் வந்தது அந்த போன் வேலை. வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள், குறை கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் செய்ததுதானே, பாப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சம்பளமும் கௌரவமாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. வீட்டுச் சத்தம் எதுவும் போனில் கேட்கக் கூடாது.

போனில் வைத்த முதல் பரீட்சையில், பாப்பா வாயைத் திறந்ததும் அம்மாவும் திறந்தாள். "யாரு போன்ல? அண்ணனா? சாப்டானான்னு கேளு."

மேற்பார்வையாளருக்குச் சின்னப் பையன் குரல், மரியாதையானவர். "பின்னாடி யாரோ பேசுறாங்க மேடம். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாது."

வெள்ளிக்கிழமை வரை அம்மாவிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். பேசக் கூடாதும்மா, கொஞ்ச நேரம்தாம்மா. அம்மா தலையாட்டிவிட்டு அதைப் பற்றியே பேச ஆரம்பிப்பாள். வெள்ளிக்கிழமை காலை, மணி நெருங்க நெருங்க அம்மாவின் பேச்சு கூடிக்கொண்டேதான் போனது. அப்போதுதான் அது வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை, சின்ன வயதிலிருந்து நாக்கில் கிடந்தது தானாக வந்து விழுந்தது.

"அம்மா, அப்பா தூங்குறாரு."

அம்மாவின் பேச்சு அந்த இடத்திலேயே நின்றது.

அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ராத்திரி வேலை பார்த்தவர். ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். அதனால் அந்த வீட்டில் பகல் முழுக்க யாரும் சத்தம் போட்டதில்லை. சொட்டுகிற குழாயில் அம்மா துணி கட்டிவிடுவாள். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பாள். எல்லாம் சைகைதான். வயிற்றைத் தொட்டால் சாப்பிட வா, காதைத் தொட்டால் வாசலில் ஆள். பாப்பாவும் அண்ணனும் அடித்துக்கொள்வதைக்கூட மூச்சுக் காட்டாமல்தான் அடித்துக்கொள்வார்கள்.

அதெல்லாம் அம்மாவுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். குழாயடிக்குப் போய்க் கைக்குட்டையைக் கட்டினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் ஆடுகிற ஜன்னல் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பாப்பாவின் பேச்சு மணிமணியாக வந்தது. "திங்கக்கிழமை காலைல சேந்துடுங்க மேடம்" என்றார் மேற்பார்வையாளர். உடனே அண்ணனுக்குப் போன் செய்து சொன்னாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பாப்பா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா உள்ளறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்பா எங்கடி? கட்டில் காலியா இருக்கு."

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. இதை அவள் யோசிக்கவே இல்லை. "வேலைக்குப் போய்ட்டாரும்மா" என்றாள்.

"சாப்டாமயா?"

"அவசரம்னாரும்மா."

அம்மா நின்றுகொண்டே இருந்தாள். "எங்கிட்ட சொல்லாம போக மாட்டாரே. ஒரு நாள்கூட போனதில்லையே." பிறகு மெதுவாக, "நான் சத்தம் போட்டுட்டேனா?" என்றாள்.

"இல்லம்மா, நீ ஒண்ணும் போடல."

அம்மா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

காலையில் சொன்னதை மத்தியானம் மறக்கிறவள், இதை மறக்கவில்லை. சனிக்கிழமை அம்மா பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பேசவில்லை. பசித்தால் வயிற்றைத் தொட்டாள், அதுவும் இரண்டு தடவைதான். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதற்கு அவளிடம் சைகை இல்லை போலும், புடவையை நனைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாப்பா வேண்டுமென்றே பாட்டுப் போட்டாள், சத்தமாகப் பேசினாள். "எதாவது பேசும்மா, திட்டவாவது திட்டு" என்றாள். அம்மா பதறிப்போய் எழுந்து வந்து மகளின் வாயைப் பொத்தினாள்.

இந்த வேலையைத் தேடியதே எதற்காக என்று நினைத்தபோது பாப்பாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த இல்லத்தில் பார்த்த முகங்களில் ஒன்றைத்தான் இப்போது வீட்டிலேயே செய்து உட்காரவைத்திருந்தாள். விட்டுவிடலாமா என்றால் மாசக் கடைசி கழுத்தில் நிற்கிறது. நாளாக ஆக மறந்துவிடுவாள், சரியாகிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதை நம்பவும் முடியாமல் அசந்துபோய்க் கிடந்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளரே கூப்பிட்டார்.

"ரெடியா மேடம்? உங்க டெஸ்ட் ரெக்கார்டிங்க புதுசா வந்தவங்களுக்குப் போட்டுக் காட்டினோம். வீட்ல ஆளே இல்லாத மாதிரி அவ்ளோ அமைதி."

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இந்த வேலை சரிப்படாது தம்பி. மன்னிச்சுக்கோங்க."

"மேடம், எதாவது பிரச்சனையா? நேரத்த வேணா மாத்தித் தரேன்."

"நேரம் இல்ல தம்பி. வீட்ல ஆள் இருக்கு."

போனை வைத்துவிட்டு அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை ஜன்னலிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் பொய் சொன்னேம்மா. அப்பா தூங்கல. வேலைக்கும் போகல. அப்பா செத்துட்டாரு. ஒம்பது வருஷமாச்சு."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது.

"அப்ப கோவிச்சுக்கிட்டுப் போகலியா?"

"இல்லம்மா."

"நான் சத்தம் போட்டதால இல்லையே?"

"இல்லவே இல்லம்மா. ஆஸ்பத்திரில கடைசியா உங்கிட்டதான் பேசினாரு. போய்ட்டு வரேன்னு சொன்னாரு."

"அதானே" என்றாள் அம்மா. "சொல்லாம போக மாட்டாரே."

அதற்குப் பிறகுதான் அவர் செத்த செய்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. வாய்விட்டு அழுதாள். அன்றைக்குத்தான் செத்தார் என்பது போல, மார்பில் அடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லி அழுதாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, படியில் யாரோ நின்று கேட்டார்கள். பாப்பா தடுக்கவில்லை. அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்துப் பண்டல்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த நூல் வெட்டுற வேலை இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. கூலிதான் தெரியுமே. உனக்குக் கட்டுப்படியாகுமா?"

"கட்டுப்படியாகாதுண்ணே" என்றாள் பாப்பா. "ரெண்டு பண்டலா கொண்டாங்க."