ஒரே முறை வரும் சொல்

திங்கட்கிழமை காலை, நூலகத்துத் தேடல் அறையில் உட்கார்ந்து, மூன்று வருடமாகத் தட்டிக்கொண்டிருந்த அதே லத்தீன் சொல்லை ஊசி இன்னொரு முறை தட்டினாள். எப்போதும் ஒரே ஒரு முடிவு காட்டும் திரை, இன்று இரண்டு முடிவுகள் காட்டியது.

ஊசி என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். அவள் தட்டிய லத்தீன் சொல், விளக்குத் திரியைத் தூண்டும் சின்ன ஊசிக்குப் பழைய வைத்தியர் ஒருவர் தன் கடிதத்தில் எழுதியது; அதனால்தான் அந்தப் பெயர். கணினியில் ஏற்றியிருந்த கிரேக்க, லத்தீன் நூல்கள் அத்தனையிலும் அது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, ஆகவே சொல்லை உண்டாக்கியவரே அந்த வைத்தியர்தான் என்று அவள் தன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எழுதி வைத்திருந்தாள். நாற்பது பக்கமும் அந்த ‘ஒன்று’ என்ற எண்ணை நம்பித்தான் நின்றன. வெள்ளிக்கிழமை ஏட்டை ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாவது இடம், வைத்தியருக்கு நூறு வருடம் முந்திய ஓர் உழவு நூல்.

‘செத்து இத்தனை நூறு வருஷமான ஆளு, போன வாரம் எழுந்து வந்து ஒரு சொல்லைச் செருகிட்டுப் போனானா?’ என்று அவள் வாய்க்குள் முனகினாள். செத்தவன் வரவில்லை என்றால் உயிரோடு இருக்கும் யாரோ கை வைத்திருக்க வேண்டும். கணினியில் அந்த நூல்களைத் தொடும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. தேடல் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் அவள் அண்ணி, மூன்று அறை தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் முன்பு சாப்பாட்டு மேசையில் ஊசிதான் வாயைக் கொடுத்தாள். “நீங்க பட்டனைத் தட்டுறவங்க அண்ணி. படிக்கிறது நாங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணி அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்புவதோடு சரி.

ஊசி நேராகப் போய்ச் சண்டை போடவில்லை. முதலில் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு நூலிலும் எப்போது, யார், என்ன மாற்றினார்கள் என்று கணினி ஒரு பதிவேடு வைத்திருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள். மற்ற நூல்களிலெல்லாம் போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு மாற்றம் நடந்திருந்தது. உழவு நூலில் மட்டும் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று. மூன்றிலும் அண்ணியின் பெயர்.

மூன்று வரிகளையும் அவள் குறித்துக்கொண்டாள். அடுத்து, அச்சுப் புத்தகத்தின் படத்தைத் திறந்தாள். முடிவு காட்டியது 213ஆம் பக்கம். மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை விரல் வைத்துத் தேடினாள். அந்தச் சொல் அங்கே இல்லவே இல்லை. பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மூன்று அறையையும் ஒரே மூச்சில் கடந்தாள்.

“அண்ணி, புத்தகத்துல இல்லாத சொல்லு கம்ப்யூட்டர்ல எப்படி வந்துச்சு?”

அண்ணி தாளை வாங்கிப் பார்த்தாள். “முதல் வரி எதுல ஆரம்பிக்குது?”

“ஏதோ நாலு எழுத்து. போன பக்கத்தோட மிச்சம்.”

“எதோட மிச்சம்?”

போன பக்கத்தை ஊசி திறந்தே பார்க்கவில்லை. அண்ணி திரையில் 212ஐ எடுத்துக் கடைசி வரியைக் காட்டினாள். அங்கே அந்தச் சொல்லின் முன்பாதி, ஓரத்தில் ஒரு சின்னக் கோட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். தேடும் மென்பொருள் நூலைப் படிப்பதில்லை. எல்லாச் சொல்லையும் முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது இருக்கும் விலாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். நாம் தட்டினால் அந்தப் பட்டியலைத்தான் புரட்டும். வரி ஓரத்தில் உடைந்த சொற்களை ஒட்டவைக்க அதற்கு முன்பே கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் சொல் பக்க ஓரத்தில் உடைந்தால் நடுவே பக்க எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதிச் சொல், 213, மீதிச் சொல். இரண்டு பாதியும் அர்த்தமில்லாத தனிச் சொற்களாகப் பட்டியலில் ஏறிவிடும். பக்க எண்ணைத் தாண்டி ஒட்டவைக்க அண்ணி போன செவ்வாய்க்கிழமைதான் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒட்டிய சொல்லுக்கு அது பின்பாதி இருக்கும் பக்கத்தையே விலாசமாகக் குறித்தது.

ஊசிக்குப் புரிந்தது. ஆனால் சந்தேகம் விடவில்லை. “அப்போ செவ்வாய்க்கிழமை ஒண்ணு போதுமே. புதன் எதுக்கு? வியாழன் எதுக்கு?”

அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“சரி செஞ்சதும் முதல்ல தட்டிப் பார்த்தது உன் சொல்லைத்தான். ஒண்ணு வரணும்னுதான் தட்டினேன். ரெண்டு வந்துச்சு. மனசு கேக்கல. புதன்கிழமை அந்த ஒரு நூலை மட்டும் பழையபடி மாத்தினேன், நீ ஏட்டைக் கொடுக்கிற வரைக்கும் கிடக்கட்டும்னு.”

“வியாழன்?”

“நான் பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு. திருப்பிப் போட்டுட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“உங்கண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினேனே!”

ஊசி நம்பவில்லை. அங்கேயே அண்ணனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஆமா, உங்க அண்ணி ‘ஊசி ரெண்டாயிடுச்சுன்னு சொல்லுங்க’ன்னா” என்றான் அவன். “ஏதோ தையல் ஊசி உடைஞ்சு போச்சாக்கும்னு நெனச்சேன். உடைஞ்சா வேற வாங்கிக்க மாட்டியா? இதைப் போயி உன்கிட்ட என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். “இந்த மனுஷனை நம்பி!” ஊசிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றும் போனது.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்து வெச்சிடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை.”

ஊசி அண்ணியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஆழம் பார்க்கிறாளா, உண்மையாகவே உதவுகிறாளா? முகத்தில் எதுவும் தெரியவில்லை. எடுத்தால் பதிவேட்டில் நான்காவதாக ஒரு வரி ஏறும். இன்று தான் எண்ணியதைப் போல, நாளைக்கு இன்னொருத்தி உட்கார்ந்து எண்ணுவாள்.

“வேண்டாம் அண்ணி.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “என் ஏட்டுல இன்னும் பதினோரு சொல்லு ‘ஒரே முறை’ன்னு எழுதி வெச்சிருக்கேன். எல்லாத்தையும் போட்டுப் பாருங்க.”

முதல் சொல்: ஒன்று. இரண்டாவது: ஒன்று. மூன்றாவது: நான்கு. ஒன்பதாவது: இரண்டு. ‘ஒன்று’ வந்த சொற்களையும் அவள் சும்மா விடவில்லை. “இந்தப் பக்கம் கோணலா அச்சாயிருக்கே, இதுல ஓரத்துல இருக்கிறது ஏறுமா?” என்று ஒவ்வொன்றாகக் குடைந்தாள். அண்ணியும் சளைக்காமல் காரணம் சொல்லிக்கொண்டே போனாள்.

பதினோராவது முடிந்ததும் ஊசி போனை எடுத்துத் தன் ஆய்வு நெறியாளரைக் கூப்பிட்டாள்.

“சார், நாலாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை வராது. எனக்கு இன்னும் ரெண்டு மாசம் வேணும்… இல்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் எழுதினது தப்பு.”